ஒன்பதாவது வளைவின் கல்

ஒன்பதாவது வளைவின் கல்லில் பெயர் எழுத இடம் தீர்ந்துவிட்டது. அதனால் போன மாதம் ஊர்க்காரர்கள் கூடி, கம்பி கட்டி, ஜல்லி கொட்டி, கல்லை இரண்டு பக்கமும் மும்மூன்று அடி நீட்டிக் கட்டினார்கள். அதற்குப் பக்கத்திலேயே தடுப்புச் சுவர் பத்து வருடமாக இடிந்து கிடந்தது. அதை எடுத்துக் கட்டலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. வண்டி விழுந்தால்தானே சுவர் வேண்டும்? ஆழியாற்றிலிருந்து வால்பாறை ஏறும் அந்த நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் பதினான்கு வருடமாக ஒரு வண்டியும் விழவில்லை.

எல்லாம் பிடிகாவல் வந்த பிறகுதான். ஒவ்வொரு வண்டியின் வயிற்றிலும் தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி. டயருக்கும் தாருக்கும் நடுவே இருக்கும் பிடியை அது நொடிக்கு இருநூறு முறை தொட்டுப் பார்க்கும். பிடி நழுவப் போகிறது என்றால் ஸ்டியரிங் வழியாக உள்ளங்கையில் ஒரு குறுகுறுப்பைக் கொடுக்கும். அவ்வளவுதான் அதன் வேலை, மீதியெல்லாம் ஓட்டுபவர் கையில் என்று கம்பெனி சொன்னது. ஊரும் அப்படித்தான் நம்பியது.

மலைப்பாதை பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு வார்த்தை. வளைவில் வண்டி திரும்பும்போது முன் சக்கரம் சொன்ன பேச்சைக் கேட்டுத் திரும்பிவிடும். பின் சக்கரம் சில சமயம் கேட்காது. ஈரத்தில், உதிர்ந்த தேயிலையில், பிடியை விட்டுவிட்டு வெளிப்பக்கமாக, பள்ளத்தைப் பார்த்துச் சறுக்கும். மூக்கு மலையைப் பார்க்கும், பின்பக்கம் ஆகாயத்தைப் பார்க்கும். அந்த ஊரில் அதை 'வால் வீசுவது' என்பார்கள். அப்படி வீசிய வாலைப் பிடித்து வண்டியை நேராக்கியவரின் பெயரை அந்த வளைவின் கல்லில் எழுதுவார்கள். எழுதிய ஞாயிற்றுக்கிழமை பிரியாணி உண்டு.

பிடிக்கக் கற்றுக்கொடுப்பது தவமணி. நாற்பத்தாறு வயது. மலை வட்டாரத்தின் வளைவுச் சான்றாளர். அவள் கையெழுத்துப் போட்டால்தான் ஒருவர் தனியாக மலை இறங்கலாம். இதுவரை முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்குப் போட்டிருக்கிறாள். முந்நூற்றுப் பன்னிரண்டாவது ஆள், தேயிலை பறிக்கும் பொன்னுத்தாய். ஐம்பத்திரண்டு வயதில் சின்னதாக ஒரு கார் வாங்கியவள்.

"அக்கா, வால் போச்சுன்னா பிரேக்க மிதிக்கவே கூடாது. மிதிச்சா இன்னும் போகும்," என்று தவமணி, கையெழுத்துப் போட்ட அன்று, பக்கத்து சீட்டிலிருந்து சொல்லிக்கொண்டே வந்தாள். "கால லேசா எடுங்க. பள்ளத்தப் பாக்காதீங்க, போக வேண்டிய ரோட்டப் பாருங்க. வால் எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கமே ஸ்டியரிங்கத் திருப்புங்க. திரும்புன உடனே பழையபடி நேராக்கிரணும். அசந்தா மறுபக்கம் சாட்டை மாதிரி அடிச்சிரும்."

"இம்புட்டையும் எப்ப தாயி செய்யிறது? அதுக்குள்ள நான் சொர்க்கத்துல டீ குடிச்சிட்டிருப்பேன்!"

"கை தானாச் செய்யும்க்கா. நம்புங்க."

ஒன்பதாவது வளைவில் மழைத்தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. கார் திரும்பியது, வால் கிளம்பியது. பொன்னுத்தாய் "ஆத்தா!" என்று அலறினாள். உள்ளங்கையில் குறுகுறுப்பு. ஸ்டியரிங் அவள் கைக்குள் ஒரு சுற்றுச் சுற்றி, திரும்பி வந்து நின்றது. கார் ஒன்றுமே நடக்காததுபோல எட்டாவது வளைவை நோக்கி இறங்கியது.

'அருமையாகப் பிடித்தீர்கள், பொன்னுத்தாய்!' என்றது காரின் குரல்.

"நானா பிடிச்சேன்?" பொன்னுத்தாயின் கண் நிறைந்துவிட்டது. "தாயி, நெசமா நானா?"

"நீங்கதான்க்கா. வேற யாரு?"

கல்லின் புதிய பகுதியில் முதல் பெயராகப் பொன்னுத்தாயின் பெயரை எழுதினார்கள். அதற்கு நேர் இடப்பக்கம், பழைய பகுதியில், வெயிலில் வெளுத்துப்போன எழுத்தில் தவமணியின் பெயர் இருந்தது. பன்னிரண்டு வருடப் பழசு.

அந்தப் பெயர்தான் அவளுக்கு வீடு வாங்கிக் கொடுத்தது என்று சொன்னால் தப்பில்லை. செங்கல் வீட்டைச் சொல்லவில்லை. இருதயராஜை அவள் கட்டிக்கொண்டபோது, தாலி கட்டுவது கோயிலிலா சர்ச்சிலா என்ற சண்டையில் அவன் அம்மா மூன்று வருடம் அவளோடு பேசவில்லை. பிறகு ஒரு ஆடி மழையில், பக்கத்தில் இருதயராஜ், அவன் மடியில் நாற்பது நாள் குழந்தை, ஒன்பதாவது வளைவில் வால் வீசியது. தவமணி பிடித்தாள். அன்று சாயங்காலம் மாமியார் வந்து அவளுடைய இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டு முத்தம் கொடுத்தாள். "இந்தக் கைதான் எம்மவனையும் பேத்தியையும் கொண்டாந்து குடுத்துச்சு" என்றாள். சாகும்வரை வேறு எதற்கும் அவளைக் குறை சொன்னதில்லை.

இருதயராஜும் பிறகு ஐந்து கல்லில் பெயர் வாங்கிவிட்டான். எஸ்டேட் ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸ் ஓட்டுபவன். டீக்கடையில் அவன் பேச ஆரம்பித்தால் பால் பொங்கி வழிந்தாலும் கடைக்காரர் கவனிக்க மாட்டார்.

•

புதுப்பிப்பு நாள் செவ்வாய்க்கிழமை வந்தது. அன்று காலை பத்து மணியிலிருந்து நாலு மணிவரை மலையில் இருக்கும் எல்லாப் பிடிகாவல்களும் தூங்கிப் புதுப்பாடம் படித்துக்கொள்ளும். பிடிகாவல் தூங்கினால் வண்டி நகராது. ஊரே விடுமுறைபோல வண்டிகளை நிறுத்திவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தது.

சான்றாளர் என்பதால் தவமணி காலையிலேயே மலை இறங்கி ஆழியாற்றில் இருக்கும் கம்பெனிக் கூடத்துக்கு வந்திருந்தாள். பழைய சான்றுகளைப் புதுப் பதிவுக்கு மாற்ற அவள் கையெழுத்து வேண்டும். அங்கே பொறுப்பில் இருந்தவள் ஷமீமா. கோயம்புத்தூர்ப் பெண், வந்து நாலு மாதம்தான் ஆகிறது. மலையைப் பார்த்தாலே அவளுக்குத் தலை சுற்றும்.

"அக்கா, இந்தப் பக்கம் மட்டும் பாத்துக் கையெழுத்துப் போட்டுருங்க. அந்தத் திரை வேண்டாம்."

வேண்டாம் என்று சொன்னால் கண் எங்கே போகும்? தவமணி அந்தத் திரையைத்தான் பார்த்தாள். மேலே 'மெய்ப்பதிவு' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே அவள் பெயர், ஒன்பதாவது வளைவு, பன்னிரண்டு வருடத்துக்கு முந்திய ஆடி மாதத் தேதி. இரண்டு கோடுகள். ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு.

"இது என்ன கோடு?"

ஷமீமா பேனாவை நீட்டினாள்.

"பச்சை என்னன்னு கேட்டேன்மா."

"...சக்கரம் திரும்புனது."

"சிவப்பு?"

"உங்க கை திரும்புனது."

தவமணி பார்த்தாள். பச்சை சட்டென்று ஏறியிருந்தது, வால் போன பக்கமாக, அளந்து வைத்ததுபோல. அதே நொடியில் சிவப்பு கீழே விழுந்திருந்தது. எதிர்ப்பக்கம், மலைப்பக்கம். ஒரு கண் இமைப்புக்குப் பிறகுதான் சிவப்பு தயங்கித் தயங்கித் திரும்பி, பச்சையைப் பிடித்துக்கொண்டு, அதன் பின்னாலேயே போயிருந்தது. கீழே இன்னொரு கட்டத்தில், 'பிரேக்: முழு மிதி. ஏற்கப்படவில்லை.'

"இது தப்பு. நான் பிரேக்கத் தொடவே இல்ல."

"தொட்டிருக்கீங்க அக்கா. எல்லாரும் தொடறாங்க. வண்டிதான் அதக் கண்டுக்கறதில்ல."

"குறுகுறுன்னு காட்டிக் குடுக்கறதோட சரின்னுதானே சொன்னீங்க?"

ஷமீமா நாற்காலியை இழுத்து எதிரில் உட்கார்ந்தாள். வேலையில் சேர்ந்த அன்றைக்கே யாரிடமும் சொல்லக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்ட விஷயம் அது. ஆனால் எதிரில் இருந்த முகம் அதை மறைக்க விடவில்லை.

"முதல்ல செஞ்ச பெட்டி வெளிப்படையாத்தான் இருந்துச்சாம் அக்கா. வால் வீசுனா ஸ்டியரிங் தானாத் திரும்பும். ஜனங்க பயந்துட்டாங்க. பேய் பிடிச்ச மாதிரி சக்கரத்தோட மல்லுக்கட்டுனாங்க. சில பேருக்கு மணிக்கட்டே உடைஞ்சுது. அப்புறம் பெட்டியக் கழட்டிப் போட்டுட்டாங்க. அதனால அடுத்த பெட்டியில இன்னொன்னு சேத்தாங்க. உங்க கையவிட வேகமா வண்டிய நேராக்கிட்டு, அதுக்கப்புறம் ஸ்டியரிங்க உங்க கைக்குள்ள மெத்துன்னு திருப்பும். கை பின்னாடியே போகும். ஆனா மூளைக்குத் தான் முன்னாடி போன மாதிரி இருக்கும். உள்ளுக்குள்ள அதுக்குக் 'கைமரியாதை'ன்னு பேரு."

"கைமரியாதை."

"பயத்தக் கழட்டி வைப்பாங்க அக்கா. பெருமைய யாரும் கழட்டி வைக்கறதில்ல. அதுக்கப்புறம் ஒரு பெட்டி திரும்பி வரல."

தவமணிக்குத் தன் மகள் பள்ளியில் சேர்ந்த நாள் ஞாபகம் வந்தது. தட்டில் பச்சரிசியைப் பரப்பி, டீச்சர் குழந்தையின் விரலைத் தன் விரலுக்குள் பிடித்து 'அ' எழுத வைத்தார். குழந்தை வெளியே ஓடிவந்து, "அம்மா, நானே எழுதிட்டேன்!" என்று குதித்தது. எல்லாரும் சிரித்தார்கள். அது குழந்தை. மறுநாளே டீச்சர் கையை விட்டுவிட்டார். இங்கே பதினான்கு வருடமாக ஒருவரும் கையை விடவில்லை.

தன் இரண்டு கைகளையும் மேஜைமேல் வைத்துப் பார்த்தாள். இவற்றைத்தான் மாமியார் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்த முத்தம் வண்டியின் வயிற்றுக்குள் கிடக்கும் தீப்பெட்டிக்குச் சேர வேண்டியது. இத்தனை நாள் இவள் வாங்கி வைத்திருக்கிறாள். அதைவிட இன்னொன்று குத்தியது. 'நெசமா நானா தாயி?' என்று கண் நிறைய ஒருத்தி கேட்டாள். 'வேற யாரு?' என்று சொன்னது கம்பெனி இல்லை.

போன் அடித்தது. இருதயராஜ்.

"மணி, பதறாம கேளு. பொன்னுத்தாயி அக்காவக் காட்டுமாடு முட்டிருச்சு. மூணாம் நம்பர் தேயிலைக் காட்டுல, தொடையில. டாக்டரம்மா கட்டுப் போட்டும் ரத்தம் நிக்கல. பொள்ளாச்சி கொண்டு போயே ஆகணுமாம்."

"ஆம்புலன்ஸ் எல்லாம் தூங்குமே!"

"அதான். மூடுபனியில ஹெலிகாப்டரும் வராதாம். ஊமை ஜீப்ப எடுத்துட்டேன்."

ஊமை ஜீப் என்பது எஸ்டேட் வாசலில் காட்சிக்கு நிற்கும் அந்தக் காலத்து வண்டி. பிடிகாவல் கிடையாது, பேசாது, அதனால் ஊமை. திருவிழாவுக்குத் தோரணம் கட்டி மைதானத்தைச் சுற்றி ஓட்டுவார்கள். இருதயராஜ்தான் ஓட்டுவான்.

"அதுலயா? மழையிலயா? பெட்டி இல்லீங்களே அதுல!"

"பெட்டி என்னத்தப் பண்ணுது? கையில கிச்சுக்கிச்சு மூட்டும். எனக்கு எதுக்குடி அது? அஞ்சு கல்லுல பேரு இருக்கு. முப்பத்தஞ்சாவது வளைவுல இருக்கேன், வச்சிடறேன்."

தவமணி ஷமீமாவைத் திரும்பிப் பார்த்தாள். "எங்க வீட்டுக்காரர் பதிவக் காட்டு."

"வேண்டாம் அக்கா."

"காட்டும்மா."

ஐந்து கல், ஐந்து பதிவு. ஐந்திலும் பச்சை ஒரு பக்கம், சிவப்பு அதற்கு நேர் எதிர்ப்பக்கம். ஐந்திலும் 'பிரேக்: முழு மிதி. ஏற்கப்படவில்லை.' ஊமை ஜீப் அந்த மிதியை ஏற்றுக்கொள்ளும். அதற்கு மறுக்கத் தெரியாது.

மலையில் எல்லா இடத்திலும் போன் எடுக்காது. ஆறு முறை அடித்து ஏழாவதில் கிடைத்தான். பின்னணியில் என்ஜின் இரைச்சலும் பொன்னுத்தாயின் முனகலும் கேட்டன.

"எங்க இருக்கீங்க?"

"இருபத்தொண்ணு தாண்டிட்டேன். சொல்லு."

"மெதுவா வாங்க. நடக்கற வேகத்துல."

"நடக்கற வேகத்துல வந்தா அக்கா தாங்காது மணி."

"நான் சொல்றதக் கேளுங்க. உங்களுக்கு வால் பிடிக்கத் தெரியாது. எனக்கும் தெரியாது. இந்த மலையில ஒருத்தருக்கும் தெரியாது."

இருதயராஜ் சிரித்தான். "காலையில சாப்பிட்டியா நீ?"

அவள் சொன்னாள். பச்சை, சிவப்பு, பிரேக், கைமரியாதை. வளைவுக்கு வளைவு போன் அறுந்துவிடுமோ என்ற பயத்தில் மூச்சு விடாமல் சொன்னாள்.

"அப்போ ஒம்போதாவது வளைவுல எங்கள நீ பிடிக்கல?"

"இல்லீங்க."

"பொய்யி. நான் பக்கத்துல உக்காந்திருந்தேன். உன் கையப் பாத்தேன்."

"நானுந்தான் பாத்தேன்."

"எங்கம்மா அந்தக் கையில முத்தம் குடுத்துச்சு மணி."

"தெரியும்."

"தெரிஞ்சுமா இப்படிப் பேசற? கம்பெனிக்காரன் எதையோ கோடு போட்டுக் காட்டுனானாம், இவ புருசன் கையவிட அத நம்புறாளாம். பன்னெண்டு வருசம் எம்முன்னாடி பெருமையா உக்காந்திருந்துட்டு, நான் பாதி மலையில இருக்கயில இதச் சொல்ற பாரு!"

அது உண்மைதான்.

"சரிங்க, நான் பொய்யே சொல்றேன்னு வச்சுக்குங்க. பொய் சொல்றவளுக்காக ஒரே ஒரு கியர் குறைச்சுப் போடுங்க. அது போதும்."

போன் அறுந்தது. கேட்டானா இல்லையா என்று தெரியவில்லை.

•

வெளியே கம்பெனியின் வேன் நின்றுகொண்டிருந்தது. அதுவும் தூங்கியது.

"ஷமீமா, அத எழுப்பு. கீழருந்து ஏறுனா ஒன்பது பத்து வளைவுல அவங்க எதிர்ல கிடைப்பாங்க. அங்கயே இறக்கி நம்ம வண்டியில மாத்திக்கலாம்."

"பாதியில எழுப்பினா தலைமை ஆபீசுல மணி அடிக்கும் அக்கா. என்னை வீட்டுக்கு அனுப்பிருவாங்க."

திரையில் ஐந்தாவது பதிவு இன்னும் அணையாமல் இருந்தது. ஷமீமா அதைப் பார்த்தாள். பிறகு வெளியே போய், கழுத்தில் தொங்கிய அட்டையை எடுத்து வேனின் கதவில் வைத்தாள். வேன் ஒரு முறை நடுங்கி விழித்துக்கொண்டது.

"நீங்க ஓட்டுங்க. எனக்கு மலை ஆகாது," என்று சொல்லி முன் சீட்டில் ஏறிக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

முதல் வளைவு, இரண்டாவது, மூன்றாவது. தவமணிக்கு இதுவரை இந்தப் பாதையில் பயம் என்பது வந்ததே இல்லை. இன்றைக்கு ஒவ்வொரு திருப்பத்திலும் பள்ளம் தெரிந்தது. இடிந்த தடுப்புச் சுவர்கள் தெரிந்தன. இத்தனை சுவர் இடிந்திருக்கிறதா என்று அப்போதுதான் பார்த்தாள்.

ஒன்பதாவது வளைவில் ஜீப் நின்றது.

பின்பக்கம் பெயர்க்கல்லில் மோதி அதன்மேல் சாய்ந்திருந்தது. ஒரு பின் சக்கரம் இடிந்த சுவரின் இடைவெளியில் ஆகாயத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கல்லைத் தாண்டி ஒன்றுமில்லை, வெள்ளையாக மூடுபனி. போன மாதம் நீட்டிக் கட்டிய மூன்று அடியில்தான் ஜீப் முட்டியிருந்தது. பொன்னுத்தாயின் பெயரில் பாதி உதிர்ந்துபோயிருந்தது. அவள் ஜீப்புக்குள் உயிரோடு முனகிக்கொண்டிருந்தாள்.

இருதயராஜ் மழையில் நின்றான். நெற்றியில் ஒரு வெட்டு.

"பிடிச்சிட்டேன் மணி," என்றான். "பாதி பிடிச்சிட்டேன். லாரியிலேர்ந்து ஈரத் தழை கொட்டிக் கெடந்துச்சு, அதான். இல்லேன்னா முழுசாப் பிடிச்சிருப்பேன்."

தவமணி ரோட்டைப் பார்த்தாள். ஈரத் தழைமேல் சக்கரம் இழுத்த தடம், சுழலாமல் தேய்த்துக்கொண்டு போன தடம், நீளமாகக் கிடந்தது. முழு மிதி. ஜீப்பின் முன் சக்கரங்களைப் பார்த்தாள். அவை இன்னும் மலைப்பக்கமே திரும்பியிருந்தன. திரை இல்லாமலே எழுதியிருந்தது.

பொன்னுத்தாயைத் தூக்க ஜீப்புக்குள் குனிந்தபோது கியர்த் தண்டு கண்ணில் பட்டது. அவன் இந்த ரோட்டில் எப்போதும் மூன்றில்தான் வருவான். தண்டு இரண்டில் நின்றது.

மூன்று பேருமாகப் பொன்னுத்தாயை வேனின் பின் பகுதிக்கு மாற்றினார்கள். இருதயராஜ் அவள் தொடைக்கட்டை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தான். ஷமீமா முன்னால். தவமணி ஸ்டியரிங்கைப் பிடித்து வேனைக் கீழ்ப்பக்கமாகத் திருப்பினாள்.

"மெதுவாப் போகாத," என்றான் பின்னாலிருந்து. "நேரமில்ல."

அவளும் மெதுவாகப் போகவில்லை. இந்த வண்டியில் பெட்டி விழித்திருக்கிறது. வேகமாகப் போகலாம். அதை அறிந்துகொண்டு போவது, அறியாமல் போவதுபோல இல்லை. வேறொருவர் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டு நடப்பதாகச் சொல்லிக்கொள்வதுபோல இருந்தது.

எட்டு, ஏழு, ஆறு. ஐந்தாவது வளைவில் மலைத்தண்ணீர் ரோட்டின் குறுக்கே பாய்ந்துகொண்டிருந்தது. வேன் திரும்பியது. வால் கிளம்பியது.

உள்ளங்கையில் அந்தக் குறுகுறுப்பு. ஆயிரம் முறை அவளைச் சந்தோஷப்படுத்திய குறுகுறுப்பு. வால் வீசும் நேரத்தில் ஸ்டியரிங்கை விட்டவர் அந்த மலையில் யாரும் இல்லை. உயிர் போகும் நேரத்தில் எவர் கையை எடுப்பார்? தவமணி எடுத்தாள். இரண்டு கைகளையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

ஆளில்லாத ஸ்டியரிங் தானாகச் சுழன்றது. வால் போன பக்கம் அளந்ததுபோல ஒரு சுற்று, உடனே அளந்ததுபோலத் திரும்பி நேராக வந்து நின்றது. அவள் சொல்லிக்கொடுக்கும் பாடத்தில் ஓர் எழுத்துப் பிசகவில்லை. வேன் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு நாலாவது வளைவை நோக்கி இறங்கியது.

'அருமையாகப் பிடித்தீர்கள், தவமணி!' என்றது வேனின் குரல்.

பின்னால் இருதயராஜ் வாய்விட்டுச் சிரித்தான், அழுகை கலந்த சிரிப்பு. அவனுக்கு அங்கிருந்து அவள் முதுகுதான் தெரிந்தது. "பாத்தியா! பாத்தியா மணி! பிடிச்சிட்டல்ல? நான் அப்பவே சொன்னேன், உன் கை பொய்யில்லைன்னு. கோடாம் கோடு!"

பேசாமல் இருந்திருக்கலாம். ஒரு 'ம்' போதும். வீட்டில் எல்லாம் பழையபடி இருக்கும். கல்லில் பெயர் இருக்கும், ஞாயிற்றுக்கிழமை பிரியாணி இருக்கும், அவன் டீக்கடையில் பேசுவான். கம்பெனி பதினான்கு வருடமாகச் செய்ததை அவளும் ஒரே ஒரு எழுத்தில் செய்துவிடலாம்.

தவமணி மடியிலிருந்த இரண்டு கைகளையும் மேலே தூக்கினாள். தோளுக்கு மேல், பின்னால் இருப்பவர்களுக்குத் தெரியும்படி, விரல்களை விரித்துப் பிடித்தாள். வெறுங்கை. அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். வால் வீசாத நாலாவது வளைவையும் வேன் தானாகவே திரும்பியது. பெட்டிக்கு அதுவும் தெரிந்திருந்தது.

இருதயராஜின் சிரிப்பு பாதியில் நின்றது. கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது. அவன் அவள் கையைப் பார்க்கவில்லை. தொடைக்கட்டை அமுக்கிக்கொண்டிருந்த தன் கைகளைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

பொன்னுத்தாய் மயக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் கண்ணைத் திறந்தாள். முன்னால் அந்தரத்தில் நின்ற இரண்டு கைகளையும், யாரும் தொடாமல் திரும்பும் ஸ்டியரிங்கையும் பார்த்தாள். அவள் முகத்தில், காட்டுமாட்டைப் பார்த்தபோதுகூட வந்திருக்காத பயம் வந்தது.

"தாயி," என்றாள் மெல்ல. "கைய வையி தாயி. ஸ்டியரிங்குல கைய வையி. எனக்குப் பயமா இருக்கு."

தவமணி கைகளை இறக்கி ஸ்டியரிங்கில் வைத்தாள். அது வெதுவெதுப்பாக இருந்தது. மூன்றாவது வளைவு வந்ததும், அவள் கைகளை மெத்தென்று பிடித்துக்கொண்டு திரும்பியது.